ஏழாம் மேசைக் கீபோர்டு

“ஒரு ஸ்க்ரூ டிரைவர் தாரியளா சார்?” என்று ஏழாம் மேசை அக்கா கேட்டபோது விசாரணை அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். ஆலை மேலாளர் சிரித்தார். நான் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, பேசப்பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று மூன்று பக்கம் ஓடியிருந்தது. இதைக் கேள்வியில் சேர்ப்பதா பதிலில் சேர்ப்பதா என்று தெரியாமல் என் பேனா நின்றுவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த அறையில் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அழுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில ஆண்டுகள் அவை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் இருந்த அந்த ஆலையில், தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள் பொருத்தும் ஸ்பீக்கர்கள் செய்தோம். நான் பணியாளர் துறையில் எழுத்தர். குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோவேன். சோதனைப் பிரிவில் பத்து மேசைகள் இருந்தன. ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெண் ஸ்பீக்கரை ஒயரில் மாட்டி, ஒலி சுத்தமாக வருகிறதா என்று காதால் கேட்பாள். நன்றாக இருந்தால் கம்ப்யூட்டரில் எண்டரைத் தட்ட வேண்டும். குறை இருந்தால் குறைக்கான எண்ணை அடித்துவிட்டு எண்டரைத் தட்ட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர்களும் கீபோர்டுகளும் வெளிநாட்டில் மூடப்பட்ட ஏதோ ஓர் ஆலையிலிருந்து கப்பலில் வந்தவை. பழுப்பேறிய, கனத்த கீபோர்டுகள். தூக்கி ஒருவர் மண்டையில் போட்டால் ஆள் காலி என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பார்வைக்குப் பத்தும் ஒரே அச்சு.

வாடிக்கையாளர் ஒருவர் பெட்டி பெட்டியாகச் சரக்கைத் திருப்பி அனுப்பியபோதுதான் சிக்கல் தொடங்கியது. கரகரக்கும் ஸ்பீக்கர்கள் ‘நன்று’ என்று பதிவாகிப் போயிருந்தன. வரிசை எண்ணைத் தேடிப் பார்த்ததில் எல்லாம் ஏழாம் மேசை. ஒரே நொடியில் இரண்டு ஸ்பீக்கர்கள் தேறியதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. காதில் கேட்காமலே அக்கா எண்டரைத் தட்டி எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். இதே மேசையில் இதே குற்றத்துக்காக இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வந்தவாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை வேலையிலிருந்து நீக்கியிருந்தோம். கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். அவள் பெயரோடு நீக்க அறிவிப்பு கேன்டீன் பலகையில் ஒட்டப்பட்டது. அதைத் தட்டச்சு செய்தது நான்தான். ஒரே மேசையில் உட்கார்ந்த இரண்டு பேர் ஏன் ஒரே தப்பைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இந்த வயதிலும் அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

அக்காவைத் தற்காலிகமாக நீக்கியதும் குற்றப்பத்திரிகையை அவள் அறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், ஓர் ஓட்டலுக்கு மேலே மாடியில், நான்கு பெண்களோடு வாடகை அறையில் இருந்தாள். நான் போன காலை நேரத்தில் மற்றவர்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். காகிதத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“நான் அமுக்கலை புள்ள,” என்றாள். “அதுவா அமுங்குது.”

“இன்னாக்கா சொல்றீங்க? கீபோர்டு தானா எப்படி அமுங்கும்?”

அவள் சூட்கேஸுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். விதவிதமான கீபோர்டு சுவிட்சுகள். ஆலைக்கு வருவதற்கு முன் ஒரு வருடம், பழைய கம்ப்யூட்டர்களைப் பிரிக்கும் குடோனில் அவளுக்கு வேலை. கீபோர்டு பிரிப்பது அவள் பங்கு. மற்றவர்கள் சுத்தியலால் உடைத்துத் தள்ளியபோது, இவள் ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள். புதிதாக ஒரு தினுசு வந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்வாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் “சும்மா” என்று சொல்வாளாம். ஆங்கிலப் பெயர்கள் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தானே பெயர் வைத்திருந்தாள். அமுக்கும்போது ஸ்பிரிங் மடங்கிச் சத்தம் போடுவது ‘டக்கு’. வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சு உள்ளே இருப்பது ‘நுரை’. வயதானால் அந்தப் பஞ்சு மாவாக உதிர்ந்துவிடும் என்றாள். ரப்பர் கிண்ணம் வைத்தது ‘கிண்ணி’. இரண்டு தகடு தொட்டுக்கொள்வது ‘தகடு’. கடைசியாக ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சீரகத்தைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய். உள்ளே மயிரிழை போல இரண்டு கம்பிகள், தொட்டும் தொடாமலும்.

“இது ‘கண்ணாடி’. ஒரு வருசத்துல ரெண்டே கீபோர்டுதான் இதுல வந்துச்சு. மேல பட்டனுக்கு அடில சின்னக் காந்தம் இருக்கும். பட்டன் எறங்குனா காந்தம் பக்கத்துல வரும், இந்தக் கம்பி ரெண்டும் ஒட்டிக்கிடும். காந்தம் போனா பிரிஞ்சிரும். கேட்டுப் பாரு.” தகரக் கதவில் ஒட்டியிருந்த சாமிப் படக் காந்தத்தை எடுத்து அருகில் கொண்டுவந்தாள். காதோரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இருந்தும் இல்லாதது போல.

அதற்கு மேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பீக்கர் என்றாலே பின்னால் ஒரு பெரிய காந்தம். பெரிய மாடல் ஓடும் நாட்களில் மேசையின் இடப்பக்கத்தில் இடம் போதாது; ஸ்பீக்கர்கள் அடுக்கிய தட்டை வலப்பக்கத்தில், கீபோர்டை ஒட்டித் தள்ளி வைப்பார்கள். கீபோர்டின் வலது ஓரத்தில் இருப்பது எண்டர்.

“மத்த ஒம்போது கீபோர்டும் தகடு. பாதில ஒரு தட்டு தட்டும், வெரலுக்குத் தெரியும். ஏழாவது அப்படியில்ல, தயிர்ல வெரல விட்ட மாதிரி எறங்கும். உக்காந்த அன்னைக்கே தெரியும் எனக்கு, இது வேறன்னு. சூப்பர்வைசர்ட்ட சொன்னேன். கீபோர்டு ஆராய்ச்சிக்கா ஒன்ன எடுத்துருக்குன்னு கேட்டாரு.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதை மாத்திட்டாவளா?”

“இல்லக்கா, அங்கியேதான் கீது.”

“மாத்த விட்டுராத.”

அன்று மதியம் ஆலைக்குத் திரும்பியதும் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். ‘விசாரணைச் சான்று, அகற்றக் கூடாது’ என்று ஓர் அட்டையில் எழுதி, துறையின் முத்திரையைக் குத்தி, அந்தக் கீபோர்டின் ஒயரில் கட்டித் தொங்கவிட்டேன். அப்படியொரு அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனால் முத்திரை குத்திய அட்டையைப் பிரிக்கிற தைரியம் அந்த ஆலையில் வேறு யாருக்கும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது, நடைமுறை என்று சொன்னேன். எந்த நடைமுறை என்று அவர் கேட்கவில்லை.

அதனால்தான் விசாரணையன்று அது அட்டையோடு மேசைமேல் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வந்தது. அக்கா ஆறு திருகாணிகளைக் கழற்றி வரிசையாக வைத்தாள். மூடியை எடுத்து, விசாரணை அதிகாரியின் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ஒரு கண்ணாடிக் குழாய். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர் அவர். எங்கள் நிர்வாகம் அழைத்து வந்தவர்தான். ஆனாலும் பார்க்கச் சொன்னதைப் பார்க்கிற மனிதராக இருந்தார்.

“கீபோர்டுக்குள்ள கீபோர்டு பார்ட்ஸ்தான் சார் இருக்கும். டைம் வேஸ்ட்,” என்றார் மேலாளர்.

“திரும்ப மூடித் தாரேன். ஏழாம் மேசைல மாட்டுங்க. நான் கிட்டயே வரலை, பத்தடி தள்ளி நிக்கேன். தட்டை சார் கையாலயே நவுத்தட்டும்,” என்றாள் அக்கா.

“லைன் நிக்கும் சார்.”

“சாப்பாட்டு நேரம்தானே, வாங்க,” என்று விசாரணை அதிகாரி எழுந்துவிட்டார்.

கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டு நின்றார்கள். கீபோர்டை மாட்டினார்கள். அக்கா சொன்னபடியே தள்ளி நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். விசாரணை அதிகாரி பெரிய ஸ்பீக்கர்கள் அடுக்கிய தட்டைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கத்திலிருந்து கீபோர்டை நோக்கி நகர்த்தினார். ஒரு சாண் இடைவெளி வரை ஒன்றும் இல்லை. மேலாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். தட்டு கீபோர்டைத் தொட்டது. திரையில் ஒரு வரி இறங்கியது: ‘நன்று’. தட்டை விலக்கி மறுபடி ஒட்டினார். இன்னொரு ‘நன்று’. எட்டாம் மேசைக் கீபோர்டில் அதே தட்டை வைத்துப் பார்த்தார்; திரை அசையவில்லை. மறுபடி ஏழுக்கு வந்தார். சோதனையே செய்யாத ஸ்பீக்கர்கள், யாரும் தொடாத கீபோர்டில், ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“இதெல்லாம் மினிட்ஸ்ல வேணாம்மா. டெமோதானே,” என்று மேலாளர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். நடந்ததை எல்லாம் எழுதினேன். வேண்டாம் என்று அவர் சொன்னதையும், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். விசாரணை அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். அடுத்த வாரமே என்னைக் கேன்டீன் டோக்கன் பிரிவுக்கு மாற்றினார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நான்கு பக்கங்கள்தான் அந்த ஆலையில் நான் எழுதியவற்றிலேயே உருப்படியானவை.

கதை அத்தோடு முடியவில்லை. அக்காவுக்கு வந்த முதல் கடிதத்தில், ‘எச்சரித்து மன்னிக்கப்படுகிறீர்கள், வேலைக்குத் திரும்பலாம்’ என்று இருந்தது. வருகை பதியும் நேர அலுவலக ஜன்னலில் அதைத் திருப்பி நீட்டினாள். “செய்யாததுக்கு என்னத்துக்கு மன்னிப்பு?” வாசலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்டு மாறும்போதெல்லாம் பெண்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுநாள், ‘குற்றம் நிரூபிக்கப்படவில்லை’ என்று இரண்டாவது கடிதம். அதையும் வாங்கவில்லை. “நிரூபிக்க முடியலைங்கிறது வேற, நான் செய்யலைங்கிறது வேற. ரெண்டாவதை எழுதுங்க.” மூன்றாம் நாள், பழுது கீபோர்டில்தான், அவர்மீது தவறில்லை என்று எழுதி வந்தது. நின்றபடி முழுவதும் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னும் இன்னாம்மா?” என்றார் வாசல் காவலர், கொஞ்சம் கெஞ்சலாக.

“எனக்கு முன்ன அந்த மேசைல ஒரு புள்ள இருந்துச்சுல்லா, அதுக்கும் ஒண்ணு வேணும். அதை எங்க ஒட்டுனாவளோ அங்கயே இதையும் ஒட்டணும்.”

அவர்கள் இருவரும் பேசிப் பழகியவர்கள்கூட இல்லை. இரண்டு நாள் நிர்வாகம் அசையவில்லை. அதற்குள் சோதனைப் பிரிவுப் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; பெரிய மாடல் ஸ்பீக்கரை எடுக்கும்போதெல்லாம், ஒவ்வொருத்தியும் தட்டை எங்கே வைப்பது என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். பத்து மேசையிலும், ஒவ்வொரு தட்டுக்கும். லைன் ஊர்ந்தது, சரக்கு தேங்கியது. ஆறாம் நாள் காலை கேன்டீன் பலகையில், வந்தவாசிப் பெண்ணின் நீக்கம் ரத்து செய்யப்படுகிறது, அவர்மீது தவறில்லை என்ற அறிவிப்பு அவள் பெயரோடு தொங்கியது. டோக்கன் கிழித்துக்கொண்டிருந்த என் ஜன்னலுக்கு நேரெதிரே. அன்று டோக்கன் வரிசை நகரவே இல்லை. எல்லாரும் நின்று படித்தார்கள். அந்தப் பெண் திரும்பி வேலைக்கு வரவில்லை. கடிதம் கிடைத்தது, அப்பாவிடம் படித்துக் காட்டினேன் என்று மட்டும் ஒரு கார்டு போட்டிருந்தாள். அக்கா ஏழாம் மேசைக்கே திரும்பி, வேறொரு கீபோர்டில் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தாள்.

அந்த ஆலை இப்போது ஏதோ ஒரு சரக்குக் கிடங்கு. நான் ஒரகடத்தில் வேறொரு நிறுவனத்தில் பணியாளர் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் இளம் பொறியாளர் ஒருத்தி, அமுக்கினால் சத்தம் போடும் கீபோர்டு ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, “அமுக்கிப் பாருங்க மேடம்” என்றாள். ‘டக்கு’ இல்லை, ‘தகடு’ என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பழைய கீபோர்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்றும், கண்ணாடிக் குழாய் வைத்தது கிடைத்தால் விடமாட்டார்கள் என்றும் அவள் சொன்ன அன்று, அக்காவுக்குப் போன் செய்தேன். ஊரில் மிக்ஸியும் ஃபேனும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அன்னிக்கு ஸ்க்ரூ டிரைவர் கேட்டீங்களே, உள்ள கண்ணாடிதான் இருக்கும்னு நிச்சயமா தெரியுமாக்கா?”

“எப்படித் தெரியும்? தொறந்து பாக்க எங்க விட்டாவ? வெரலுக்குத் தோணுச்சு, அவ்வளவுதான்.”

“தகடா இருந்திருந்தா?”

கடையில் யாரோ மிக்ஸியை ஓட்டிப் பார்த்தார்கள். அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

“இருந்திருந்தா கம்ப்யூட்டரைத் தொறந்துருப்பேன். அதுலயும் இல்லன்னா மேசையைப் பிரிச்சிருப்பேன். நான் அமுக்கலைங்கிறது நிச்சயம்லா.”