பதில் பேசாத அந்தம்மா

“நீங்கதானுங்களே அந்தம்மா?”

போன புதன்கிழமை, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பின் வாசலில் வந்து நின்று ஒருவர் கேட்டார். ஐம்பது வயது இருக்கும். தோளில் துண்டு. கையில் ஒரு பட்டன் ஃபோன். மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

எந்த அம்மா? எனக்கு விளங்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். “காலைல காலைல எனக்கு ஃபோன் போடறீங்களே... அந்தம்மா.”

நான் அவருக்கு ஃபோன் போட்டதே இல்லை. அவர் யாரென்றுகூடத் தெரியாது. அதற்குள் பின்வரிசையில் பூங்கொடி எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் வந்தவர் அவளுடைய அப்பா என்று புரிந்தது.

பூங்கொடி வரலாறு படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. ஜவ்வாது மலை மேலிருந்து தினமும் பஸ்ஸில் எங்கள் அடிவாரத்துக் கல்லூரிக்கு இறங்கி வருகிறவள். அப்பா கோவிந்தன் மேலே சாமை பயிரிடுகிறவர். வந்த வேலையை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். மகளுக்கு டீசி வேண்டும். இன்றைக்கே வேண்டும்.

டீசியா? என் வகுப்பிலேயே அதிகமாகக் கேள்வி கேட்கிற பெண்ணுக்கா?

இந்த வருஷம் நான் ஒரு புதுப் பாடம் எடுக்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன், சிலருக்கு நினைவிருக்கலாம். மனிதர் – கணினி ஊடாட்டம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். மெஷினை எப்படிச் செய்தால் மனுஷர்கள் அவஸ்தைப்படாமல் இருப்பார்கள்? மொத்தப் பாடமும் இவ்வளவுதான். படிக்கிறவர்கள் கம்ப்யூட்டர் பிள்ளைகள் இல்லை. தமிழ், வரலாறு, தாவரவியல். முதல் நாளே பாதிப் பேர் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்கள். மவுஸ் பிடிக்கவே தெரியாதே மேடம் என்றாள் ஒருத்தி. அதனால்தான் நீ சரியான ஆள் என்றேன். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம் வருவதில்லை. கோபம் வராதவர்களுக்கு இந்தப் பாடம் ஏறாது.

முதல் வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? ஒரு மெஷின் உங்களை முட்டாளாக்கிய கதையை வந்து சொல்லுங்கள். கொட்டித் தீர்த்துவிட்டார்கள். ஏடிஎம் கார்டை விழுங்கியது, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை ரேஷன் கடை மெஷின் “நீ நீயில்லை” என்றது... முட்டாள் நீங்களில்லை, அதைச் செய்தவர்கள் உங்களை நினைத்துப் பார்க்கவில்லை என்று நான் சொன்னபோது அந்த முகங்கள் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு நானே இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை ஒளித்து வைக்கவும் எனக்குத் தெரியாது.

கோவிந்தனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே சுருக்கித் தருகிறேன்.

அவர்கள் ஊரில் டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று — ஊருக்கு வெளியே ஒரு மேடு. நூறு நாள் வேலைக்கு வருகையைப் போட்டோ எடுத்து ஏற்றுவதற்கு எல்லோரும் காலையில் அங்கேதான் கூடுவார்கள். கோவிந்தனின் ஃபோனில் காதில் வைத்துக் கேட்கும் பக்கம் செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. எது வந்தாலும் ஸ்பீக்கர்தான். அங்கே பல பேருக்கு அப்படித்தான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஒருவருக்கு ஃபோன் வந்தால் ஊரே சேர்ந்து கேட்கும், ஊரே சேர்ந்து நலம் விசாரிக்கும்.

அந்த மேட்டில், அத்தனை பேர் நடுவில், ஒரு பெண் குரல் சொல்கிறது: “கோவிந்தன் அவர்களே, உங்கள் மகள் பூங்கொடி இன்று கல்லூரிக்கு வரவில்லை.”

ஒரு நாள் இல்லை. மழை தொடங்கியதிலிருந்து அடிக்கடி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூங்கொடி என் வகுப்புக்கு வராத நாளே கிடையாது!

விஷயம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவுக்கு ஒரு ஆப் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். முதல் பீரியடில் பெயருக்கு நேராக டிக் விழாவிட்டால், அந்தப் பீரியட் முடிந்ததும் அதுவே பெற்றோருக்கு ஃபோன் போட்டுவிடும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் ஊர்ந்துதான் வரும். பூங்கொடி ஓடி வந்து சேரும்போது இரண்டாவது பீரியட் ஆரம்பித்திருக்கும். அந்த ஆப்புக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை. வந்தார், வரவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது.

சரி, பெண் பஸ் ஏறி வேறெங்கோ போகிறாள் என்று அப்பா சந்தேகப்படுகிறார், அதுதானே? தெளிவாக விளக்கிவிட்டால் தீர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எம் பொண்ணு மேல எனக்கு இன்னாங்க சந்தேகம்? நாந்தான பஸ் ஏத்தி வுட்றேன். வருத்தம் உங்க மேலதாங்க.”

என் மேலா?

முதல் நாளே அவர் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இல்லீங்க, பொண்ணு கிளம்பிடுச்சு, பஸ்தான் லேட்டு என்று. அடுத்த முறை வழியில் மண் சரிந்த இடத்தைச் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த முறை, தாயில்லாமல் வளர்ந்த பெண், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். படித்த அம்மா பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்துதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லி முடித்துப் பார்த்தால், ஃபோன் கட்டாகியிருக்கும்.

“அத்தினியும் கேட்டுக்கினு, ஒரு வார்த்த பேசாம வெச்சிட்டீங்களே டீச்சரம்மா.”

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிற பெண். யார் அவளிடம் போய்ச் சொல்வார்கள்? டீச்சரே சொல்கிறார் பெண் வரவில்லை என்று, அப்படியென்றால் எங்கே போகிறாள் என்று கேட்கிறது ஊர். சீக்கிரம் ஒருவன் கையில் பிடித்துக் கொடு என்று சொல்லச் சொந்தக்காரர்களே வந்துவிட்டார்கள். பொண்ணு பேரைக் கெடுக்கிற இடத்தில் எதற்குப் படிப்பு? அதுதான் டீசி.

நான் சொன்னேன்: அது நானில்லை, யாருமில்லை, மெஷின். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல்.

அவர் நம்பவில்லை. “மிஷினுக்கு எம் பேரு எப்பிடிங்க தெரியும்? எம் பொண்ணு பேரு எப்பிடித் தெரியும்?”

நியாயம்தானே? பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒன்றை எவர் மெஷின் என்று நினைப்பார்? மனிதர்கள் மெஷினை இன்னொரு மனிதராகவே நடத்துவார்கள் — என் சிலபஸில் இரண்டாவது யூனிட் அது. போர்டில் எழுதி, பரீட்சைக்கு முக்கியம் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

சரி, நேரிலேயே காட்டிவிடலாம். வகுப்பு மொத்தமும் அவரோடு ஆபீசுக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டரில் என் பெயரை மாணவியாகச் சேர்த்து, பெற்றோர் இடத்தில் என் நம்பரையே போட்டு, ஆப்சென்ட் கொடுக்கச் சொன்னேன். கும்பலைப் பார்த்து முதல்வரும் வந்துவிட்டார். என் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“உங்கள் மகள் தேன்மொழி இன்று கல்லூரிக்கு வரவில்லை.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கோவிந்தன் சிரிக்கவில்லை. ஃபோனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

“அப்ப நான் இத்தினி நாளா யாராண்டங்க பேசிக்கினு இருந்தேன்?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? முதல்வர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அந்தக் குரலை அவரும் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்கிறார். ஆபீஸில் இருப்பவர்கள் கேட்டதில்லை. ஆசிரியர்கள் கேட்டதில்லை. ஃபோன் பெற்றோருக்குத்தானே போகிறது? அத்தனை படித்தவர்கள் சேர்ந்து ஒரு குரலை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்... அது என்ன பேசுகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது!

இனி அந்த ஃபோன் கடைசிப் பீரியடுக்கு அப்புறம்தான் போக வேண்டும், நாள் முழுக்க வராதவர்களுக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று முதல்வர் அங்கேயே உத்தரவு போட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

கோவிந்தன் நகரவில்லை. தனக்கு விளங்கிவிட்டது, ஆனால் ஊருக்கு யார் சொல்வது என்று கேட்டார்.

நான் இருக்கிறேனே! மலையிலேயே பிறந்தவள், அந்த ஊரில் சொந்தமும் உண்டு, நானே வந்து மேட்டில் நின்று சொல்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். என் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது தெரிந்தது.

“நீங்க சொன்னா, பொண்ணுக்கு ஏந்துக்கினு பேசறாங்கன்னுவாங்க. அந்தம்மாவே சொல்லணுங்க. அப்பதான் நம்புவாங்க.”

புரிகிறதா? எம்.எஸ்சி. படித்து, மலையிலிருந்து வந்து, மனிதரையும் மெஷினையும் பற்றிப் பாடம் நடத்துகிற என்னைவிட அந்த மெஷினுக்கு அங்கே மரியாதை அதிகம். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குரல் சொன்ன பிறகு டீசியைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். பூங்கொடியின் படிப்பு ஒரு ஃபோனில் வந்து நின்றது.

மறுநாள் வகுப்பில் வேறு பாடமே நடக்கவில்லை. அந்தக் குரல் என்ன சொல்ல வேண்டும்? தமிழ் இலக்கியப் பையன் ஒருவன் அரைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தான். மேட்டில் இருப்பவர்கள் அதற்குள் வேலைக்குப் போய்விடுவார்கள் என்று பிள்ளைகள் வெட்டினார்கள். மெஷின் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு சண்டை. தப்பு செய்தது காலேஜ், கேட்க வேண்டியதும் காலேஜ் என்றாள் தாவரவியல் பெண். கடைசியாக ஒரு வரியில் வந்து நின்றார்கள்: உங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வந்துவிட்டார்.

அதுவரை வாயே திறக்காத பூங்கொடி அப்போதுதான் பேசினாள். “இன்னிக்கி வந்துட்டான்னா, இன்னிக்கி மட்டுந்தான் வந்தான்னு நெனச்சுக்குவாங்க மேடம்.”

எங்களில் ஒருவரும் மனசுக்குள்கூட அந்த மேட்டில் நின்று அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. அவள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். வரியை மாற்றி எழுதினோம், மேட்டில் கூட்டம் இருக்கும்போதே அந்த ஒரு ஃபோனை மட்டும் காலையில் போட முதல்வரும் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நான் அந்த மேட்டில் இருந்தேன். முந்தின நாளே மலையேறி எங்கள் வீட்டில் தங்கிவிட்டேன். மண்வெட்டியும் கூடையுமாகப் பெண்கள், பீடியோடு ஆண்கள், போட்டோ ஏறக் காத்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். கோவிந்தன் யாரோடும் பேசாமல் ஓரமாக நின்றார். பூங்கொடி பஸ்ஸில் போயிருந்தாள்.

ஃபோன் அடித்தது. ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அதே குரல். “கோவிந்தன் அவர்களே, உங்கள் மகள் பூங்கொடி ஒரு நாளும் கல்லூரிக்கு வராமல் இருந்ததில்லை. பேருந்துதான் தாமதமாக வந்தது. கல்லூரி தவறாகச் சொல்லிவிட்டது. மன்னித்துவிடுங்கள்.”

கட்டாகிவிட்டது. முழங்கையால் இடித்த பெண்ணே முதலில் வாயைத் திறந்தாள்: “இன்னாண்ணா, பதிலு ஒண்ணும் சொல்லலியா?”

கோவிந்தன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் குரலுக்குக் காது கிடையாது என்று அவருக்கு இப்போது தெரியும். போதாக்குறைக்கு ஃபோன் வேறு கட்டாகிவிட்டது. அதை மெல்ல வாய்க்கு நேராகத் தூக்கினார்.

“சரிங்க. பரவால்லங்க. இனிமேட்டு பாத்து சொல்லுங்க” என்றார், ஊருக்கே கேட்கிற மாதிரி.

நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. பெரிய எடத்து ஆளுங்க, தப்ப ஒத்துக்கினாங்களே என்றது ஒரு குரல். பேச்சு சாமை அறுப்புக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு, டீசி என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டேன்.

“எதுக்குங்க டீசி? அதான் அந்தம்மாவே சொல்ட்டாங்களே” என்றார் கோவிந்தன், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.