ஈரல் மாறி விழுந்த இலை

கருவேப்பிலங்குறிச்சியில் மாமனார் வீட்டில் கிடா வெட்டினால், முதல் கரண்டி ஈரல் மூத்த மருமகன் பழமலைநாதன் இலைக்குத்தான். இந்த முறை அது இளைய மருமகன் மதியழகன் இலையில் விழுந்தது. கல்பாக்கம் அணு உலையில் வேலை பார்க்கிறவனாம்! விருத்தாசலத்தில் பீங்கான் சூளை எரிக்கிற பழமலைக்கு வயிறு எரிந்தது.

பந்தியில் எல்லாருக்கும் மதியழகன் பேச்சுதான். "பழைய உலையில சூட்டை எடுக்கக் கனநீர் ஓடும். புது உலையில உருக்கின சோடியம் ஓடுது" என்று அவன் சொல்லச் சொல்ல, மாமனார் வாயைப் பிளந்து கேட்டார்.

"எல்லாம் அடுப்புதான்" என்றார் பழமலை, எலும்பைக் கடித்துக்கொண்டே.

"சரியாச் சொன்னீங்கண்ணே. அதுல வைக்கிற யுரேனியமே பீங்கான் மாதிரிதான். பொடிய அழுத்தி, சின்னச் சின்ன வில்லையாக்கி, சூளையில சுட்டு எடுப்பாங்க. உங்க தொழிலுதான்."

பந்தியே பழமலை பக்கம் திரும்பியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மாமனார், "அப்பிடியா மாப்ள? நீங்க சுடறதும் அதே மாதிரியா?" என்றார். மாமியார் மிச்ச ஈரலோடு பழமலை இலையை நோக்கி வந்தார்.

இந்த மரியாதைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பார்! அது இவன் வாயாலா வர வேண்டும்?

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க" என்றார் பழமலை. "நான் சுடறது வெறும் ஃபியூஸ் போடற பீங்கான் கட்டை."

சொல்லிவிட்டு, ஈரல் வந்து சேருமுன் இலையை மூடினார்.