லியுகாங்கில் அம்மாக்கள் வாயை மூடிய மாதம்

ஹெ சியூலியனை அந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் யுன்டிங் அம்மா. எதிர் அறைக்காரி போவென் அம்மா. மேல்மாடியில் இருப்பவள் இரட்டையர் அம்மா. கட்டடம் முழுக்க அம்மாக்கள்தான். சொந்தப் பெயரை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, ஒரு வருஷம் சோறாக்கிப் போட வந்தவர்கள். லியுகாங் என்ற அந்த ஆன்ஹுய் மாகாணத்து மலையோரச் சிற்றூரில் வேறு தொழில் கிடையாது. ஜூன் மாதத்துப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுதான் அந்த ஊரின் ஒரே வெள்ளாமை. பள்ளிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் கிழட்டு மரத்துக்குக்கூட அம்மாக்கள் ஊதுபத்தி கொளுத்தினார்கள். விடைத்தாளைத் திருத்துகிறவர்களிடம் அந்த மரம் என்னவென்று சிபாரிசு செய்யும் என்று யாரும் கேட்டதில்லை.

சியூலியன் வென்சௌ நகரத்துச் செருப்பு ஆலையில் பசை தடவியவள். மகள் பால்குடி மறந்த கையோடு அவளைக் கணவனின் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். போகாமல் முடியாது. கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அந்த நகரத்துக் கால்களுக்கெல்லாம் அவள் செருப்பு ஒட்டிக் கொடுக்கலாம். அந்த நகரத்தில் அவள் மகள் நுழைவுத் தேர்வு எழுதக் கூடாது. குடும்பத்தின் பெயர் எந்த மாகாணத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் எழுத வேண்டும் என்பது சட்டம். பிறக்கும்போதே மனிதனை மண்ணோடு ஒட்டிவிடுகிற பசை அது. அவ்வளவு கெட்டியான பசையை எந்த ஆலையும் காய்ச்சியதில்லை. தலைநகரத்தில் பதிவான பிள்ளைக்கு ஒரு வாசல், ஆன்ஹுய் மலையில் பதிவான பிள்ளைக்கு வேறு வாசல். இதற்குப் பெயர் எல்லோருக்கும் பொதுவான தேர்வு!

மகளுக்குப் பதினேழு வயதானபோது சியூலியன் ஆலையை விட்டுவிட்டு லியுகாங்குக்கு வந்தாள். கணவன் கட்டட வேலையிலேயே இருந்தான். அறைக் கதவைத் திறந்தபோது, தன்னைவிட உயரமான ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். சியூலியனுக்கு முதலில் தோன்றியது, இவள் யாரோ வழி கேட்க வந்திருக்கிறாள் என்றுதான்.

"ஸ்கூல் எப்படி இருக்கு?"

"ம்."

"குழம்புல உப்பு சரியா இருக்கா?"

"ம்."

"கம்மியா?"

"ம்."

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதே சத்தம்தான். சியூலியன் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த வருஷம் போனால் கல்லூரி, அப்புறம் வேலை, அப்புறம் கல்யாணம். மகளோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கிடைத்தது இந்த ஒரு வருஷம்தான். இதற்குள் இவள் வாயைத் திறந்து பேசாவிட்டால் பிறகு எப்போதும் பேச மாட்டாள். அந்தப் பயத்துக்கு அவள் கண்ட மருந்து, பாவம், மதிப்பெண். பரீட்சையில் ஜெயிக்க வைத்துவிட்டால் பெண் தானாகத் தன் பக்கம் திரும்பிவிடுவாள் என்று நம்பினாள். அதனால்தான் கட்டடத்திலேயே மோசமான அந்த அறையைப் போட்டி போட்டுப் பிடித்தாள்.

அது முதல் ராங்க் அறை. இரண்டு வருஷத்துக்கு முன் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த ரோங் ஷான் அங்கேதான் தங்கிப் படித்தாள். வீட்டுக்காரி குவோ அத்தை அதை ஒரு கோயிலாகவே மாற்றி வைத்திருந்தாள். ரோங் ஷான் தேய்த்த அழிரப்பரின் மிச்சம் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இருந்தது. அவள் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சரி செய்யக் கூடாது. தொட்டியில் தண்ணீர் இறங்காது, குத்திவிடக் கூடாது.

"ஜன்னலத் தொறக்காதே, யுன்டிங் அம்மா. அந்தப் பொண்ணு ஒரு நாள்கூடத் தொறந்ததில்ல. ராசி வெளிய போயிடும்."

"வெயில் காலத்துல?"

"வேர்த்தாத்தான் மூளை சூடாகும். அப்புறம் விடியக்காலைல அவிச்ச முட்டை. ரெண்டு. மறந்துடாதே."

சியூலியன் மறக்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து முட்டை அவித்து, மகளின் டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். யுன்டிங் ம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். மே மாதம் வந்தபோது அறை இட்லிப் பானையாகக் கொதித்தது. குவோ அத்தையின் நாய் மட்டும் எப்படியோ நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டே வந்தது. அந்தக் கட்டடத்தின் ராசி நாயைக்கூட விட்டுவைக்கவில்லை என்று குவோ அத்தை பெருமையடித்துக்கொண்டாள்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் துணிப்பையோடு ஓர் அம்மாள் மாடியேறி வந்தாள். கன்னம் ஒட்டிப்போன முகம்.

"நான் ரோங் ஷானோட அம்மா. இந்த ரூம்லதான் இருந்தோம். கொஞ்சம் உட்காந்துக்கட்டுமா?"

சியூலியன் வாய் திறப்பதற்குள் செய்தி மூன்று மாடியும் பரவிவிட்டது. அம்மாக்கள் கரண்டியோடும் ஈரக்கையோடும் ஓடி வந்து அறையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இரட்டையர் அம்மா வந்தவளின் சட்டைக்கையைத் தொட்டு, தொட்ட கையை அப்படியே, பின்னால் வந்து நின்ற தன் இரண்டு பிள்ளைகளின் தலையிலும் தேய்த்தாள்.

"அக்கா, ஜன்னலத் தொறக்காம எப்படிப் படிச்சா?" என்று கேட்டாள் போவென் அம்மா.

"தொறக்கத்தான் பாத்தோம். சட்டம் ஊறிப்போய் மாட்டிக்கிச்சு. வீட்டுக்காரம்மாகிட்ட எத்தன தடவ சொல்லியும் ஆள் அனுப்பல."

கதவோரம் நின்றிருந்த குவோ அத்தைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"முட்டை?"

"என்ன முட்டை? நூடுல்ஸ் தின்னுட்டு ஓடுவா."

"சும்மா சொல்லுங்கக்கா, மறைக்காதீங்க. கடைசில என்னதான் பண்ணீங்க? ஏதோ இருக்கணுமே!"

"ஒண்ணும் பண்ணல. அவ எங்கூடப் பேசறதையே நிறுத்திட்டா." அவள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நான் பேசினா கதவச் சாத்திக்குவா. அப்புறம் நானும் விட்டுட்டேன். கடைசியா ஒரு வார்த்தை இல்ல இந்த ரூம்ல. காலேஜுக்குப் போனதும் நம்பரை மாத்திட்டா. புத்தாண்டுக்கும் வரல. எங்க தங்கியிருக்கான்னே தெரியல எனக்கு. இங்க ஏதாவது விலாசம் குடுத்துட்டுப் போனாளான்னு கேக்கத்தான் வந்தேன்."

இப்போது யாராவது இவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள் என்று சியூலியன் நினைத்தாள்.

போவென் அம்மா கண்கள் மின்ன மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? ஒரு வார்த்தைகூடப் பேசல!"

"கவனம் சிதறல, பாத்தியா," என்றாள் இரட்டையர் அம்மா.

"நாமதான் தொணதொணன்னு கெடுத்து வச்சிருக்கோம்!"

எதிரே ஒருத்தி வயிறெரிந்து அழுகிறாள். இவர்கள் அந்த அழுகையிலிருந்து படிப்புக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் கொடியவர்கள் அல்ல. ஒரே ஒரு வாசலை வைத்து, அதில் கோடிப் பிள்ளைகளை முட்டிமோத விட்டால், பெற்றவர்களுக்குக் காது இப்படித்தான் ஆகும். தங்கள் பிள்ளைக்கு உதவுவதைத் தவிர வேறெதுவும் அந்தக் காதில் விழாது.

சியூலியன்தான் அவளைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டாள்.

"உம்பொண்ணு பேசறாளா?" என்று கேட்டாள் ரோங் ஷானின் அம்மா.

"ம்-ன்னு சொல்லுவா."

"அதையாவது சொல்றாளே!" என்றாள் அவள், பொறாமையோடு.

மறுநாள் காலையிலிருந்து கட்டடம் வாயை மூடிக்கொண்டது. அம்மாக்கள் தட்டைத் தட்டிப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். குளிக்கச் சொல்ல வாளியைக் காட்டினார்கள். போவென் முதல் இரண்டு நாள் துள்ளிக் குதித்தான். மூன்றாம் நாள் பயந்துபோய், "அம்மா, எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டான். அவன் அம்மா பதிலுக்கு ஒரு கொழுக்கட்டையை அவன் வாயில் திணித்தாள். இரட்டையர்கள் தங்கள் அப்பாவுக்கு ரகசியமாகப் போன் போட்டு, நீயும் அம்மாவும் பிரியப் போறீங்களா என்று விசாரித்தார்கள். வகுப்பாசிரியர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மற்றக் கட்டடங்களும் இதைப் பின்பற்றலாம் என்று பாராட்டினார்.

சியூலியனும் வாயை மூடினாள். அவளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் விரதம் தொடங்குவதற்கு முந்தின ராத்திரி போவென் அம்மா படியில் மறித்துக்கொண்டு, "நீ மட்டும் பேசி உம்பொண்ணு தோத்துட்டா யாரைச் சொல்லுவ?" என்று கேட்டாள். யுன்டிங்குக்கோ வித்தியாசமே தெரியவில்லை. கேட்க ஆளில்லாமலேயே இரண்டு தடவை ம் கொட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அதைப் பார்த்துச் சியூலியனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டின் நடுவே யுன்டிங் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"ஏன் இந்தக் கட்டடத்துல யாரும் பேச மாட்டேங்கறாங்க?"

முழுசாக ஒரு கேள்வி! சியூலியன் உதட்டில் விரலை வைத்து, சுவரில் ஒட்டியிருந்த ரோங் ஷானின் படத்தைக் காட்டினாள்.

"முதல் ராங்க்காரி வீட்ல பேசலன்னு நாமளும் பேசக் கூடாதா?"

சியூலியன் தலையாட்டினாள்.

"பைத்தியமா உங்களுக்கெல்லாம்?"

அதற்கும் தலையாட்டிவிட்டாள். பிறகு நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "நீயும் அப்படித்தான் பண்ணப்போறியா? நம்பரை மாத்திட்டுப் போயிடுவியா?"

"யோசிச்சு வச்சிருக்கேன்."

"என்னடி சொன்ன?"

"எதுக்கு எடுக்கணும் உன் போன? எனக்கு என்ன பிடிக்கும்னு ஒண்ணு சொல்லு பாப்போம். ஒண்ணே ஒண்ணு!"

"முட்டை..."

"முட்டை தின்னா எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும்! என்ன வளத்த அத்தைக்குத் தெரியும். அந்த நாய் ஏன் பன்னி மாதிரி ஊதிக் கெடக்குன்னு நெனச்ச?"

"தெரிஞ்சா வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? இத்தன மாசமா ம் ம்-ன்னு மாடு மாதிரி..."

"வருஷத்துக்கு ஒரு தடவ, புத்தாண்டுக்கு வருவ. பட்டாசு வெடிக்கறதுக்குள்ள மார்க் என்னன்னு கேப்ப. அப்புறம் பஸ் ஏறிடுவ!"

"வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியலடி!" சியூலியன் கத்தினாள். "உன் கூட்டாளி யாருன்னு தெரியாது. நீ எதுக்குச் சிரிப்பேன்னு தெரியாது. மார்க்கு ஒரு நம்பரு. அது எனக்குப் புரியும். அதத்தான் கேட்டேன். உன்ன வேணாம்னா விட்டுட்டுப் போனேன்? அங்க ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். உங்க ஊர்ப் பிள்ளை, உங்க ஊர்லயே படிச்சு எழுதட்டும்னு திருப்பி அனுப்பிட்டான்!"

"எப்போ கேட்ட?"

"நீ ஒண்ணாங்கிளாஸ் சேரும்போது. உனக்கு ஞாபகமில்ல. என் தோள்ல தூங்கிட்டிருந்த."

"அத ஏன் எங்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"நான் குழந்த!"

சுவரில் டம்டமென்று இடி விழுந்தது. கதவைத் திறந்தால் வாசலில் எல்லா அம்மாக்களும் நின்றார்கள். எல்லோருக்கும் ஆத்திரம், யாராலும் வாய் திறக்க முடியவில்லை. விரதம். இரட்டையர் அம்மா கரண்டியை ஓங்கி ஓங்கிக் காட்டினாள். போவென் அம்மா தன் தலையில் அடித்துக்கொண்டு, படத்தைக் காட்டி, வானத்தைக் காட்டி, கடைசியில் கழுத்தை அறுப்பதுபோல் சைகை செய்தாள். அவள் பின்னாலிருந்து போவென் எட்டிப் பார்த்து, "அம்மா, எனக்கும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவன் விடாமல் துரத்தினான்.

குவோ அத்தைக்கு மட்டும் விரதமில்லை. அவளுக்குப் பரீட்சை எழுதப் பிள்ளை கிடையாது. "முதல் ராங்க் அறைல நின்னுகிட்டுக் கூச்சலா? ராசியெல்லாம் ஓடிப்போச்சு! இன்னிக்கே காலி பண்ணுங்க."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் யுன்டிங். "நாங்க பேசிட்டிருக்கோம்."

அந்த 'நாங்க' சியூலியனின் காதில் விழுந்தது. அவள் மறு பேச்சில்லாமல் மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

தேர்வு முடிவு என்னவாயிற்று என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். நடுத்தரம். ஒரு சின்ன நகரத்துக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் கிடைத்தது. முதல் ராங்க் அறையில் அடுத்து வந்து தங்கியவளும் நடுத்தரம்தான். அறைகள் தேர்வு எழுதுவதில்லை.

சண்டை நடந்த அன்று சாயங்காலமே இருவரும் தெருவில் இறங்கினார்கள். சோயாக்கட்டிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருப்பதாகக் காய்கறிக்காரி சொல்லியிருந்தாள். சியூலியன் தலையில் படுக்கைச் சுருள். யுன்டிங் கையில் வாணலியும் புத்தகப் பையும். பள்ளியில் மாலை வகுப்பு மணி அடித்தது.

"உனக்கு வகுப்புக்கு நேரமாச்சே. வாணலியை இங்க வச்சுட்டு ஓடு," என்றாள் சியூலியன்.

யுன்டிங் தெருநடுவில் நின்றாள். முகம் இன்னும் சிவந்திருந்தது.

"நான் இன்னும் முடிக்கல. எனக்கு அம்மை போட்டப்ப நீ வராததப் பத்தி இனிமேதான் கேக்கணும்."

வாத்தியார் திட்டுவார் என்று சொல்ல வாயெடுத்தாள் சியூலியன். பிறகு சுருளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை வாணலிக்காக நீட்டினாள்.

"அத எங்கிட்ட குடு. நடந்துகிட்டே கேளு."