ஒன்பது பேரும் திருத்தணி

என் பீரோவில் ஒரு மனுவின் கார்பன் நகல் இருக்கிறது. அதில் ‘கருணை கூர்ந்து’ என்ற சொற்கள் நீல மையால் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும். அடித்தவர் ஒரு சங்கத்தின் செயலாளர். எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் இருந்த தட்டச்சு நிலையத்தில் நான் வேலை பார்த்தேன். முதல் நாள் வந்தவர், நான் வழக்கப்படி அடித்துக் கொடுத்ததைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். “இன்னாம்மா இது? பிச்சையா கேக்குறோம்?” எனக்குச் சுருக்கென்றது. அப்போதெல்லாம் எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். “கருணை இல்லாத மனுவ யாரும் பிரிக்கக்கூட மாட்டாங்க ஐயா” என்றேன். சிரித்துவிட்டு, வேறு தாள் போடச் சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் எடை போடுகிறவர் அவர். வார விடுமுறையில் சலவைச் சட்டை போட்டு பஸ்ஸில் வருவார். காது மடிப்பில் மட்டும் தவிடு ஒட்டியிருக்கும். மாநிலம் பிரிந்தபோது திருத்தணி ஆந்திரப் பக்கம் போனது. அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ரயில் மறியல் செய்து சிறைக்குப் போன ஒன்பது பேரின் சங்கத்துக்குத்தான் அவர் செயலாளர். தலைவரும் இல்லை, கட்டடமும் இல்லை, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் உண்டு. திருத்தணி நம்மிடம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்காகச் சிறைக்குப் போனவர்களை யாரும் நினைக்கவில்லை. அவர்களையும் தியாகிகள் என்று அரசு ஏற்க வேண்டும், நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மாதம் ஒரு மனு போடுவார். அதே மனிதர் எங்கள் தெருவின் தெலுங்கு வீடுகளில் உட்கார்ந்து தெலுங்கிலேயே மணிக்கணக்கில் அரட்டை அடிப்பார்.

கடைசியில் ஒரு பதில் வந்தது. சிறைப் பதிவேட்டில் காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஐயம்பேட்டை, மாகறல் என்று எந்த ஊர்க்காரரும் அன்று கைதாகவில்லையாம். செயலாளர் படித்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். கைதானபோது ஊர் எது என்று கேட்டதற்கு ஒன்பது பேரும் வீம்பாக ‘திருத்தணி’ என்றே சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊருக்காக வந்தோமோ அதுதான் எங்கள் ஊர் என்று மார்தட்டிய பிள்ளைகள், பின்னால் ஒருநாள் யாரோ சான்று கேட்பார்கள் என்று நினைக்கவா போகிறார்கள்? ஆபீசில் தலைமை எழுத்தர் நல்ல மனுஷர். பொய் விலாசம் கொடுத்துவிட்டோம் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தந்தால் வழி பண்ணலாம் என்றார். செயலாளர் எழுந்துவிட்டார். “பொய்யின்னு எழுத மாட்டேன் சார். அன்னிக்கு எங்களுக்கு அதுதான் ஊரு.”

அந்த வீராப்பு எனக்குப் பிடித்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, எரிச்சலாகவும் இருந்தது. நாலைந்து மாதம் மனுக்கள் அப்படியே கிடந்தன. ஒருநாள் அவரைத் தேடி மாகறலிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒன்பது பேரில் இறந்துபோன ஒருவரின் மனைவி. அறுப்பு வேலையிலிருந்து நேராக வந்ததில் புடவையெல்லாம் வைக்கோல் தூசி.

“அண்ணா, உங்க மானம் உங்களுக்குப் பெருசு. இல்லன்னல. எங்க ஊர்ல என் வூட்டுக்காரரு திருடிட்டு ஜெயிலுக்குப் போனாருன்னு பேசிக்கினு இருக்காங்கோ. பொண்ணு கேட்டு வந்தவங்க காதுலயும் போட்டுட்டாங்கோ. எனக்குப் பணங்காசு வாணாம்ணா. அவரு எதுக்குப் போனாருன்னு ஒரு காயிதம் வாங்கிக் குடு.”

செயலாளர் காது மடிப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா போன பிறகு, “தாளப் போடுமா” என்றார். வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார்: ‘கைதானபோது பொய் விலாசம் கொடுக்கத் திட்டம் போட்டது நான். மற்ற எட்டுப் பேரையும் அப்படிச் சொல்லவைத்ததும் நான். அவர்கள் மேல் குற்றமில்லை.’ என் விரல்கள் பாதியில் நின்றன. “இப்படி எழுதினா உங்க மனு நிக்காது ஐயா” என்றேன்.

“தெரியும். நீ அடி.”

அடுத்த வருடம் எட்டுப் பேரையும் தியாகிகளாக ஏற்று ஆணை வந்தது. அரசை ஏமாற்றத் தூண்டியதாகத் தானே ஒப்புக்கொண்டவர் என்று அவருடையதைத் தள்ளிவிட்டார்கள். அவர் சாகும்வரை அது மாறவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

ஆணை கொடுத்த அன்று மாகறல் அம்மா காகிதத்தை மடிக்கவே மனமில்லாமல் கையில் விரித்தபடி என்னிடம் வந்தார். படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார். பிறகு, “மொதல்ல திருத்தணின்னு வாயத் தொறந்து சொன்னதே எங்க வூட்டுக்காரருதாம்மா. அப்புறந்தான் மத்தவங்கல்லாம் சொன்னாங்களாம். சாவுற வரைக்கும் அதப் பெருமையா சொல்லிக்கினு இருப்பாரு” என்றார்.

நான் எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். செயலாளர் வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். “செய்யாதத செஞ்சேன்னு எதுக்குய்யா எழுதினீங்க? உண்மையச் சொல்லியிருக்கலாமே?” மூச்சு வாங்கியது எனக்கு.

“அவன் மேல போட்டா அந்தப் பொம்பளைக்குக் காயிதம் கெடைக்குமாம்மா?” என்றார். பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பி, “அவகிட்ட சொல்லிடாதே. நாளைக்கே ஆபீஸ்ல போய் நின்னு உண்மையச் சொல்லி, காயிதத்தத் திருப்பிக் குடுத்துடுவா” என்றார்.