கழுத்துக்கு மேலே

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ரிமோட்டைத்தான். புது டிவிகளில் படத்தை வழவழவென்று ஓடவைக்கும் ஒரு வசதி இருக்கிறது. அது இருந்தால் எப்பேர்ப்பட்ட படமும் மத்தியான சீரியல் மாதிரி ஆகிவிடும். அதை அணைத்துவிட்டுத்தான் காபியைத் தொடுவேன். இங்கே போர்ட் பிளேரில் உள்ள என் சொந்தக்காரர்கள் நான் வருகிறேன் என்றால் ரிமோட்டை ஒளித்துவைப்பதாகக் கேள்வி. வைக்கட்டும்.

பழைய படங்களைப் புதுப்பிக்கும் ரெஸ்டோரேஷன் என்ற பேரில் நடப்பதிலும் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. பழைய படங்களில் மணல் தூவியதுபோல் மெல்லிய பொடி தெரியும். அது அழுக்கு இல்லை. படமே அந்தப் பொடியால் ஆனதுதான். அதைத் துடைத்தெடுத்தால் நடிகர்களுக்கு மெழுகு முகம் வந்துவிடுகிறது. அதைவிடக் கொடுமை, ஏறக்குறையச் சதுரமாக எடுத்த படத்தை அகலத் திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டுவது. குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதை. ஆனாலும் புது டிஸ்க் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறவர்களிடம் சொல்லி வாங்கி, காற்றுப் புகாத அரிசி டப்பாவில் வைத்துக்கொள்வேன். இந்த ஊர் ஈரம் எதையும் விடாது.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் பெண் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பம். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஒரே ஒரு போட்டோ. அதில் முகத்தைப் பூஞ்சை தின்றது, மிச்சத்தைச் சுனாமி கொண்டுபோனது. அப்பா முகம் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

ஆனால் அப்பா ஒரு படத்தில் இருந்தார். இங்கே துறைமுகத்தில் படம் பிடித்தபோது, கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று, தீவிலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்த அவரையும் கப்பல் மேல்தட்டில் நிறுத்தினார்களாம். கீழே நாயகி அழுவாள், மேலே இவர் தோளில் துண்டோடு நிற்பார். தோட்டத்தில் திரை கட்டிப் போட்டபோது அம்மா பார்த்திருக்கிறார்.

"அண்ணே, அந்தப் படம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது, ஒரு பழைய விசிடியாக. கண்ணராவியான காப்பி. "அதைப் பார்க்கிறதுக்குப் பார்க்காமலே இருக்கலாம். புதுசா சுத்தம் பண்ணிப் போட்டிருக்காங்க, அடுத்த ஷிப்ல வருது" என்றேன்.

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டேன். முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. படம் சுவரளவு டிவியை இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு நின்றது. வெட்டியிருந்தார்கள்.

துறைமுகக் காட்சி வந்தது. "அந்த ஏணிக்கு வலப்பக்கம்" என்றார் அம்மா. நிறுத்தினேன். என்ன துல்லியம்! துண்டின் கரை தெரிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. கம்பியைப் பிடித்த விரல்களில் நகம்கூடத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே படம் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெட்டினவனை வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே விசிடியைத் தேடி எடுத்தேன். அது பழைய சதுரப் படம், ஒன்றும் வெட்டுப்படவில்லை. அதே ஏணி, அதே துண்டு. துண்டுக்கு மேலே தலையும் இருந்தது. ஆனால் முகம் என்பது நாலைந்து பழுப்புக் கட்டங்கள். தள்ளி நின்று பார்த்தால் யாரோ நம்மைப் பார்ப்பதுபோல் இருந்தது. கிட்டப் போனால் கட்டங்கள்தான்.

வெட்டாத நெகட்டிவ் மெட்ராஸில் எங்காவது கிடக்கும், கேட்டு எழுதுகிறேன் என்றேன். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. மகள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே பிடிபடல. நீ சொல்லும்மா. மூக்கு எப்படி இருக்கும்? என்னை மாதிரியா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் தெரியுமா புள்ள? எத்தன வருசமாச்சு. மொகம் மறந்துபோச்சு. ஒருதரம் பாத்துட்டுப் போயிரலாமுன்னுதான் நானும் வந்தேன்."