நாடா அழுத்திய இடம்

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை, பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். என் தையலைவிட என் வாய்தான் தெருவில் பிரபலம். எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அக்கா தைக்கக் கொடுக்க வருவார். வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, பயிரிடுகிற குடும்பம். அவர் பிரித்துத் தைக்கக் கொடுத்த பாவாடைகளில் எல்லாம் இடது பக்கம், நாடா முடிச்சு விழும் அதே இடத்தில், துவைத்தும் போகாத பழுப்புக் கறை. என் வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் காட்டினார். நாடா அழுத்திக் கறுத்த கோடு நம் பெண்கள் எல்லாருக்கும் இருப்பதுதான். அவருக்கு அந்தக் கோட்டின் மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு புண், ஓரம் தடித்து, நடுவில் பொருக்குத் தட்டி. தொட்டதும் ரத்தம் கசிந்தது.

"நாடா காய்ப்புதாம்மா. ஆறுற மாதிரி ஆறும், மறுபடி உரிஞ்சிக்கும். ஆறேழு மாசமா இதே ரோதனை," என்றார்.

நானும் பெரிய வைத்தியக்காரி மாதிரி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடச் சொன்னேன். அதோடு விட்டேனா? நாடா உறுத்தாமல் இருக்க, அந்த இடத்தில் பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து மெத்தை மாதிரி வைத்துத் தைத்தேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதைவிட.

அந்த வருஷம் தீபத்துக்கு வந்த வெளியூர் அம்மாள் ஒருவர், கூட்ட நெரிசலில் பாவாடை நாடா அறுந்து, சேலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி என் வாசலில் வந்து நின்றார். உள்ளே அழைத்துப் புது நாடா கோத்துக் கொடுத்தேன். மிஷின் மேல் கிடந்த அக்காவின் இன்னொரு பாவாடையைப் பார்த்து, "இந்த மெத்தை எதுக்குங்க?" என்றார். பெருமையாக முழுக்கதையும் சொன்னேன். அவர் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒரு மாசத்துல ஆறாத புண்ண சும்மா விடக்கூடாதுங்க. ஓரம் தடிச்சி, தொட்டா ரத்தம் வருதுன்றீங்க. வருஷக்கணக்கா ஒரே இடத்துல நாடா உராஞ்சா புற்றுநோயாவும் மாறலாம். துளி வெட்டி டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். சீக்கிரம் பாத்தா எடுத்துடலாம்."

புகையிலை போட்டால் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாவாடை நாடாவிலுமா? பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. ஆனாலும் மறுநாளே அடி அண்ணாமலைக்கு நடந்தேன்.

"மல்லாட்ட புடுங்குற நேரம். அதுவுமில்லாம ஆம்பள டாக்டர்கிட்ட இடுப்பக் காட்டுறதா? போம்மா," என்று அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மகள் கல்யாணத்துக்கான ரவிக்கைத் துணி அத்தனையும் என்னிடம்தான் இருந்தது. "வேலூர் போய் டெஸ்ட் பண்ணிட்டு வர்ற வரைக்கும் ஒரு ரவிக்கையும் கெடைக்காதுக்கா," என்று சொல்லிவிட்டேன். வாயாரத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார். துணைக்கு நானும் போனேன்.

புற்றுநோய்தான். வேறெங்கும் பரவாததால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். தை மாதக் கல்யாணத்தில் அக்கா பந்தியில் நின்று பரிமாறியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்துத்தான் தைக்கிறேன். முடிச்சை இடம் மாற்றிப் போடுங்கள், ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். அக்காவைக் காப்பாற்றியது நான்தான் என்று ஊரார் சொல்லும்போது மட்டும் கூச்சமாக இருக்கும். ஆறேழு மாதமாக ஏன் ஆறவில்லை என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றாமல், அந்தப் புண்ணுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவளும் நான்தானே என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.