கராம்பும் காம்பும்

காத்மண்டுவிலிருந்து காலை பத்து மணிக்கு வந்த வட்சப் செய்தியில் ஒரு படமும் ஒரு கேள்வியும் இருந்தன. படம், நாங்கள் சரக்கோடு அனுப்பிய சான்றிதழ். அதில் ஒரே ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார் சரக்கு வாங்குகிறவர். நான் கேட்டது கராம்பு, நீங்கள் அனுப்பியிருப்பது கராம்புக் காம்பா? அதுதான் கேள்வி. அந்த வரி எப்படி வந்தது என்று எங்கள் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாசனைச் சரக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் நான் கடதாசி வேலை பார்க்கிறேன். கராம்பு, சாதிக்காய், மிளகு எல்லாம் மூட்டையாகப் போகும். மூட்டைக்கு முன்னால் நான் எழுதிய கடதாசிகள் போகும். முதலாளி மடவளைக்காரர். ஊரே ஹாஜியார் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நேபாளத்துக்கு நாங்கள் சரக்கு அனுப்பியது அதுதான் முதல் தடவை. கடல் இல்லாத நாடு அது. கண்டிக்கும் கடல் இல்லைதான், ஆனால் எங்களுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் கொழும்புத் துறைமுகம். அவர்களுக்கோ பக்கத்து நாட்டுத் துறைமுகம். கொழும்பில் கப்பலேறிய எங்கள் மூட்டைகள் கொல்கத்தாவில் இறங்கி, லொறியில் நாள் கணக்காக ஓடி, இப்போது நேபாள எல்லையில் நின்றுகொண்டிருந்தன.

கராம்பு என்பது மொட்டு. காம்பு என்பது மொட்டைக் கிள்ளிய பிறகு மிஞ்சும் குச்சி, எண்ணெய் வடிப்பவர்கள் அள்ளிக்கொண்டு போவது. எல்லையில் இருந்த அதிகாரி மூட்டையைப் பிரித்திருக்கிறார். உள்ளே கராம்பு, கடதாசியில் காம்பு. இன்று ஐந்து மணிக்கு எல்லைக் கந்தோர் மூடுவதற்குள் திருத்திய சான்றிதழும், அதைக் கொடுத்த அலுவலரின் கையொப்பத்தோடு ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதமும் வர வேண்டும், வராவிட்டால் லொறியைக் கொல்கத்தாவுக்கே திருப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டாராம். அவர்களுடைய கடிகாரம் எங்களுடையதைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுக்கு ஐந்து மணி ஆகும்போது எங்களுக்கு நாலே முக்கால்.

முன்பெல்லாம் இப்படி ஒரு பிழை கண்டியைத் தாண்டியிருக்காது. விலைப்பட்டியல், மூட்டைக் கணக்கு, எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்று, பூச்சி இல்லை என்ற சான்று, சுங்கப் படிவம் என்று ஒரே சாமானை ஐந்து இடத்தில் ஐந்து பேர் எழுதுவோம். நாலு பேர் கராம்பு என்று எழுதி ஒருவர் காம்பு என்று எழுதினால், ஏதாவது ஒரு மேசையில் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “இது என்ன கூத்து?” என்று கேட்க ஒருவர் இருப்பார். புது முறையில் அந்த அலைச்சல் இல்லை. சாமானின் பெயரைக் கணினியில் ஒரு தடவை அடித்தால் போதும், அதுவே எல்லாக் கடதாசிக்கும் ஓடிவிடும். அந்த முறை வந்தபோது எங்கள் கடையில் அதிகம் கை தட்டியவள் நான். கால் தேய்ந்தது எனக்குத்தானே.

மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் கடையில் இணைய இணைப்பு படுத்துவிட்டது. விண்ணப்பத்தைச் சிங்களத்தில் கையால் நிரப்பிக்கொண்டு, பூச்சிச் சான்று கொடுக்கும் கிளைக் கந்தோருக்குப் போனேன். கெலிஓயாவைத் தாண்டி ஒரு மாடிக் கட்டடம் அது. முன் மேசையில் இருந்த சிங்களப் பெண் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் எனக்கு மிஸ், நான் அவளுக்கு அக்கே. நாங்கள் பேசிக்கொள்வது சிங்களத்தில்தான்.

நான் சாமான் பெயரை ‘கராபு நெட்டி’ என்று எழுதியிருந்தேன். சிங்களத்தில் முழுக் கராம்புக்கே அதுதான் பெயர். ஆனால் நெட்டி என்ற சொல்லைத் தனியாக எடுத்தால் காம்பு. கண்டிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். கணினிப் பட்டியலில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. முழுக் கராம்பு ஒன்று, கராம்புக் காம்பு ஒன்று.

“அக்கே, இதுல எது?” என்று அவள் கேட்டாள்.

நான் அந்த நேரம் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய விண்ணப்பத்தில் சிங்கள எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் திருத்தினேன். மஹய்யாவயில் பிறந்த தமிழச்சி ஒருத்தி சிங்களவருக்கே சிங்களம் திருத்துகிறாள் என்ற தலைக்கனம். திரும்பிக்கூடப் பார்க்காமல், “நெட்டின்னா காம்புதானே மிஸ், ரெண்டாவது” என்றேன்.

“அப்படியா?” என்று அவள் தயங்கினாள்.

“நான் தினமும் எழுதுறதுதானே” என்றேன். அவள் இரண்டாவது வரியை அமத்தினாள். அச்சடித்து வந்ததை நான் வாசிக்கவே இல்லை. வாசிக்கத் தேவையில்லை என்பதுதானே புது முறையின் பெருமை.

வட்சப் செய்தியைக் காட்டியதும் ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். “என்ன புள்ள இது? காம்பாமே! யாரு எழுதின?”

“கந்தோர்லதான் அடிச்சாங்க ஹாஜியார்” என்றேன். அது பொய்யில்லை. பொய்யில்லை என்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்தக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தோம், யாரும் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி எடுத்தோம். பன்னிரண்டரைக்கு ஒருவர் எடுத்து, பொறுப்பதிகாரியான பெரியவர் வெளியே போயிருக்கிறார், இரண்டு மணிக்கு மேல் நேரில் வாருங்கள் என்று வைத்துவிட்டார். வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பள்ளிக்கூடம் விடும் நேரம். கண்டி வாவியைச் சுற்றி வாகனங்கள் அசையவே இல்லை. ஹாஜியார் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். நான் மடியிலிருந்த தொலைபேசியில் மணியைப் பார்ப்பதும் அணைப்பதுமாக இருந்தேன்.

“இந்த ஒண்டு மட்டும் திரும்பி வந்திச்சிண்டா அந்த ஊர்ல நம்மட பேரு போச்சி புள்ள” என்றார். கந்தோரை எட்டியபோது மூன்று மணி.

பெரியவர் நல்ல மனிதர்தான். திரையில் சான்றிதழைத் திறந்து பார்த்தார். பிறகு ஹாஜியாருக்குப் புரிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். “எங்கட பிழை எண்டா இப்பவே திருத்தித் தாறது. உங்கட பிழை எண்டா புது அப்ளிகேசன். சாமான் திரும்பப் பாக்க வேணும். சாமான் எங்க?”

சாமான் இமயமலை அடிவாரத்தில் இருந்தது.

பெரியவர் முன் மேசைப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் வந்து மேசை ஓரத்தில் நின்றாள். திரையைப் பார்த்ததும் கழுத்து வரை சிவந்துவிட்டாள். யார் இந்த வரியைத் தெரிவு செய்தது என்று அவர் சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறந்தால் லொறி திரும்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஹாஜியார் பக்கத்தில் நின்றதும், அவர் முன்னால் நான் ஒரு தடவைகூட ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னதில்லை என்பதும் மீதிப் பாதி.

“நான்தான் சேர், என் கையாலதான் அமத்தினேன்” என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்ததா, இல்லையா என்று அந்தப் பார்வையில் எதுவும் தெரியவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது.

“அடுத்த மாசம் இவவுக்கு நிரந்தர நியமனம்” என்று பெரியவர் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். “இந்தக் கடிதத்தில ஒரு கொப்பி இவட பைலுக்குப் போகும். நான் ஒண்டும் செய்ய ஏலாது.” அவள் தலையாட்டினாள்.

சான்றிதழைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு இடத்தில் மாற்றியதும் எல்லாக் கடதாசியிலும் கராம்பு ஆகிவிட்டது. கடிதம்தான் மிச்சம். அவள் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு வரி எழுதினாள், வெட்டினாள், மறுபடி எழுதினாள். நாலு மணி அடித்தது. ஹாஜியார் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“அக்கே, என் இங்கிலீஷ் சரியில்ல. நீங்க எழுதித் தருவீங்களா?” என்றாள்.

அவளுடைய கதிரையில் நான் உட்கார்ந்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். பெறுநர், திகதி, சான்றிதழ் எண் எல்லாம் அடித்தேன். அடுத்த வரி ‘எனது கவனயீனத்தால்’ என்று தொடங்க வேண்டும்.

“எங்கள் கந்தோரின் கவனயீனம்னு போட ஏலாதா அக்கே?” என்று மெதுவாகக் கேட்டாள். பெரியவர் உள்ளேயிருந்து, கையொப்பம் வைப்பவர் பெயரில்தான் வர வேண்டும் என்று குரல் கொடுத்தார். நான் ‘எனது’ என்று அடித்தேன். சாமானின் பெயரைச் சரியாக உறுதி செய்யாமல் அவசரப்பட்டுவிட்டேன், அனுப்பியவர் மீது எந்தத் தவறும் இல்லை, இனி இப்படி நடக்காது, என்னை மன்னிக்கவும் என்று எழுதிக்கொண்டே போனேன். எங்கும் நிற்கவில்லை, ஒரு சொல்லுக்காகவும் யோசிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக ஒரு கடிதம் எழுதியதில்லை. அவள் குனிந்து கையெழுத்து வைத்தாள்.

நாலு இருபதுக்கு அனுப்பினோம். ஒரு பதிலும் இல்லை. நாலரை. நாலு முப்பத்தெட்டு. ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், தனக்கு ஒன்றும் இல்லாத அந்தச் சரக்குக்காக. நாலு நாற்பத்தொன்றுக்கு எல்லையிலிருந்து வந்த செய்தியில் ‘லொறி உள்ளே போகிறது’ என்று இருந்தது. ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் ஹாஜியார் கலகலப்பாக இருந்தார். “நல்ல புள்ளதான், ஆனா கவனம் பத்தாது. சின்னப் புள்ளயள இப்பிடி மேசையில வெச்சா இதுதான் நடக்கும், என்ன?” என்றார்.

“ஆமா ஹாஜியார்” என்றேன்.

இரண்டு மாதம் அந்தக் கந்தோர்ப் பக்கம் நான் தலைகாட்டவில்லை. எல்லாவற்றையும் கடையிலிருந்தே அனுப்பினேன். அதற்குத்தானே புது முறை. பிறகு ஒரு மிளகுச் சரக்குக்காக நேரில் போக வேண்டி வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பெரியவரிடமும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரிவரியாக மனதில் எழுதிக்கொண்டு போனேன். அவள் அதே மேசையில்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“நியமனம் ஒரு வருசம் தள்ளிப்போச்சு அக்கே” என்றாள். “ஆனா சேர் சொன்னாரு, அந்தக் கடிதம் அவ்வளவு நல்லா இல்லாட்டி வேலையே போயிருக்குமாம். உண்மையா மனசு வருந்தி எழுதினதுன்னு மேல இருக்கிறவங்க சொன்னாங்களாம். அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொன்னேன்.”

மேசைக்கடியிலிருந்து வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவள் அம்மா எனக்கென்று தேங்காய்ப்பாலில் கிண்டிக் கொடுத்த தொதல் இனிப்பு. நான் வருவேன் என்று பார்த்துப் பார்த்து, முதல் தடவை கொடுத்தது வீணாகிப்போய், மறுபடி கிண்டி அனுப்பியதாம்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “எதுக்கு மிஸ் இதெல்லாம்” என்றேன்.